தோற்கத் தெரியாத எட்டுப் பேர்

2012 ஜூலை 31, செவ்வாய்க்கிழமை மாலை. லண்டன் வெம்ப்ளி அரீனா. ஒலிம்பிக் பேட்மிண்டன், பெண்கள் இரட்டையர் பிரிவு. வலைக்கு ஒரு பக்கம் சீனாவின் யூ யாங், வாங் சியாவ்லி. உலகத் தரவரிசையில் முதலிடம். முந்தைய வருஷம் இதே அரீனாவில்தான் உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கினார்கள். மறுபக்கம் தென் கொரியாவின் ஜங் க்யுங்-உன், கிம் ஹா-நா.

ஆட்டம் ஆரம்பிக்கிறது. சர்வீஸ் நேராக வலையில் போய் விழுகிறது. அடுத்ததும் வலையில். திருப்பி அடிக்கிற ஷட்டில் கோட்டுக்கு வெளியே. முதல் கேமின் நீளமான ராலியே மொத்தம் நாலு அடிதான். கொஞ்ச நேரத்தில் விஷயம் கூட்டத்துக்குப் புரிந்துவிடுகிறது: இரண்டு பக்கமும் தோற்பதற்காகப் போட்டி போடுகிறார்கள். கூச்சல் கிளம்புகிறது. தலைமை நடுவர் தோர்ஸ்டன் பெர்க் கோர்ட்டுக்குள் வந்து எச்சரித்துவிட்டுப் போகிறார். பிறகும் அதே கதை. 21-14, 21-11 என்று கொரியா ஜெயித்தது. சரியாகச் சொன்னால், கொரியாவால் தோற்க முடியவில்லை.

அன்று மாலையே இன்னொரு ஆட்டம். கொரியாவின் இன்னொரு ஜோடி ஹா ஜங்-உன், கிம் மின்-ஜங். எதிரே இந்தோனேசியாவின் கிரேசியா போலி, மெய்லியானா ஜௌஹாரி. அங்கும் இதே கூத்து. கறுப்பு அட்டையே காட்டினார்கள், அதாவது ஆட்டத்திலிருந்தே வெளியே போ என்று அர்த்தம். பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆடச் சொன்னார்கள். கொரியா மூன்று கேம்களில் ஜெயித்தது.

மறுநாள் உலக பேட்மிண்டன் சம்மேளனம் எட்டுப் பெண்களையும் போட்டியிலிருந்தே நீக்கியது. வீரர்களுக்கான நடத்தை விதிகளில் 4.5, 4.16 என்ற இரண்டு பிரிவுகளைக் காட்டினார்கள். ஒன்று, ஜெயிப்பதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை. இரண்டாவது, விளையாட்டுக்குக் கேடு தரும் விதத்தில் நடந்துகொண்டது. கொரியா மேல்முறையீடு செய்தது, நிராகரித்தார்கள். இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுப் பின்வாங்கியது. சீனா அதுகூடச் செய்யவில்லை.

உலகமே கைதட்டியது. பத்திரிகைகள் ஒலிம்பிக்கின் ஆன்மா, விளையாட்டின் மாண்பு, அவமானம் என்று எழுதித் தீர்த்தன. இன்றைக்கும் ஒலிம்பிக் வந்தால் 'ஒலிம்பிக்கின் பத்து அவமானங்கள்' மாதிரிப் பட்டியல்களில் இந்த எட்டுப் பேரும் ஊக்கமருந்து போட்டவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பது என் கட்சி. கடுமையான தண்டனை, கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்ற அளவில் சொல்லவில்லை. தப்பு செய்தவர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் தப்பில் மாட்டியவர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள் என்கிறேன்.

கணக்கு இதுதான்

முதலில் ஏன் தோற்கப் பார்த்தார்கள் என்று பார்ப்போம். இந்தக் கதையைச் சொல்கிற முக்கால்வாசிப் பேர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெய்ஜிங் 2008 வரை ஒலிம்பிக் பேட்மிண்டன் நேரடி நாக்அவுட்தான். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். லண்டனில் இதை மாற்றினார்கள். நம்மூர் டோர்னமெண்ட் நோட்டீஸில் போடுகிற மாதிரி 'லீக் கம் நாக்அவுட்'. நாலு ஜோடிகள் கொண்ட நாலு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு ஜோடிகள் காலிறுதிக்குப் போகும். காலிறுதியில் எந்தக் குழுவின் முதலிடம் எந்தக் குழுவின் இரண்டாமிடத்தோடு மோதும் என்பது முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று. நாலு வருஷம் உழைத்து வந்தவர் ஒரே ஆட்டத்தோடு ஊருக்குப் போகக் கூடாது, ஆளுக்கு மூன்று ஆட்டமாவது கிடைக்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான்.

ஜூலை 31 காலை ஒரு அதிர்ச்சி. சீனாவின் இன்னொரு ஜோடியான தியான் சிங், ஜாவ் யுன்லெய் இருவரும் டென்மார்க்கின் கிறிஸ்டினா பெடர்சன், கமில்லா ரிட்டர் யூல் ஜோடியிடம் தோற்றுப்போனார்கள். 'டி' குழுவில் முதலிடத்துக்கு வரவேண்டியவர்கள் இரண்டாமிடத்துக்கு இறங்கினார்கள். அந்த ஒரு முடிவில் அட்டவணையே தலைகீழ்.

இப்போது மாலை கோர்ட்டுக்கு வருகிற யூ யாங்கின் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே காலிறுதிக்குத் தேர்வாகிவிட்டீர்கள், எதிராளியும்தான். ஜெயித்தால் குழுவில் முதலிடம். அப்படியானால் அரையிறுதியில் உங்கள் நாட்டு ஜோடியோடேயே மோத வேண்டி வரும். சீனாவுக்கு ஒரே ஒரு ஜோடிதான் இறுதிக்குப் போகும். தோற்றால் இரண்டாமிடம். சொந்த நாட்டு ஜோடியை இறுதிப் போட்டி வரை பார்க்கவே வேண்டாம். தங்கமும் வெள்ளியும் ஒரே வீட்டுக்குப் போகலாம்.

கொரிய ஜோடிக்கும் இதே கணக்கு. முதலிடம் பிடித்தால் தியான், ஜாவ் இருக்கிற பக்கம் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஆட்டத்தின் கணக்கு இன்னும் எளிது. 'சி' குழுவில் முதலிடம் பிடிக்கிறவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? காலிறுதியிலேயே உலக நம்பர் ஒன் யூ யாங், வாங் சியாவ்லி. எவன்தான் அந்தப் பரிசைக் கேட்டு வாங்குவான்?

இவர்களில் யாரும் சூதாட்டக்காரரிடம் காசு வாங்கவில்லை. எதிராளியிடம் விலைபேசவில்லை. மருந்து போடவில்லை. தங்கப் பதக்கம் வாங்க வந்தார்கள். அதை வாங்க ஒரு ஆட்டத்தில் தோற்பது நல்லது என்று சம்மேளனம் போட்ட அட்டவணையே சொல்லிற்று. ஜெயித்தால் அபராதம், தோற்றால் சலுகை என்று ஒரு விதியை எழுதிவிட்டு, சலுகையை வாங்க வரிசையில் நின்றவர்களைப் பிடித்து உள்ளே போடுவது எந்த ஊர் நியாயம்?

தெரிந்தே செய்த தப்பு

இதையெல்லாம் யார் முன்கூட்டியே யோசித்திருக்க முடியும் என்று கேட்கலாம். முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்தாயிற்று.

1982 கால்பந்து உலகக் கோப்பை, ஸ்பெயினின் ஹிஹோன் நகரம். மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதுகின்றன. அதே குழுவிலிருந்த அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. ஆகவே ஜெர்மனி ஒரு கோல், அதிகம் போனால் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே என்று இருவருக்கும் தெரியும். ஜெர்மனி பத்தாவது நிமிஷம் ஒரு கோல் போட்டது. மீதி நேரம் முழுக்கப் பந்தை அங்குமிங்கும் உருட்டிப் பொழுதைக் கழித்தார்கள். அல்ஜீரியா முறையிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. யாரையும் வெளியேற்றவில்லை. அந்த ஜெர்மனி இறுதிப் போட்டி வரைக்கும் போனது. ஃபிஃபா செய்த ஒரே காரியம், அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தியது.

கவனியுங்கள். கால்பந்துக்காரர்கள் தப்பை அட்டவணையில் தேடினார்கள், அட்டவணையைத் திருத்தினார்கள். முப்பது வருஷம் கழித்து பேட்மிண்டன்காரர்கள் காலையில் ஒரு குழுவின் முடிவை உலகத்துக்கே அறிவித்துவிட்டு, அந்த முடிவை வைத்துக் கணக்குப் போடக்கூடிய ஆட்டங்களை மாலைக்கு வைத்தார்கள். எல்லாம் நடந்த பிறகு தப்பை ஆட்டக்காரர்களிடம் தேடினார்கள்.

அதே வாரம், அதே ஒலிம்பிக்

"என்ன இருந்தாலும் ஒலிம்பிக்னா முழு மனசோட ஆடணும்ல?" சரி. அப்படியானால் அதே வாரம் நடந்த வேறு சில சங்கதிகளையும் பார்த்துவிடுவோம்.

அதே ஜூலை 31. கார்டிஃபில் பெண்கள் கால்பந்து, ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும். ஜப்பான் அப்போதைய உலகச் சாம்பியன். ஆட்டம் 0-0. முடிந்ததும் ஜப்பான் பயிற்சியாளர் நோரியோ சசாகி வெளிப்படையாகவே சொன்னார்: ஜெயிக்க வேண்டாம் என்று நான்தான் ஆட்டக்காரர்களிடம் சொன்னேன். ஜெயித்திருந்தால் காலிறுதிக்கு கிளாஸ்கோ வரை பயணம் போக வேண்டும். டிரா ஆனால் அங்கேயே கார்டிஃபில் இருந்துவிடலாம். ஃபிஃபா நடவடிக்கை ஏதும் எடுக்கவில்லை. ஜப்பான் வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்ட் 2. எட்டுப் பேரையும் நீக்கியதற்கு மறுநாள். ஆண்கள் சைக்கிள் பந்தயம், அணி ஸ்பிரிண்ட். பிரிட்டன் அணியின் ஃபிலிப் ஹிண்ட்ஸுக்குத் தொடக்கம் சரியாக அமையவில்லை. கீழே விழுந்தார். விழுந்தால் பந்தயத்தை மறுபடி தொடங்க வேண்டும் என்பது விதி. மறுபடி தொடங்கினார்கள், பிரிட்டன் தங்கம் வென்றது. மறுபடி தொடங்குவதற்காக வேண்டுமென்றேதான் விழுந்தேன் என்று ஹிண்ட்ஸ் பேட்டியில் சொல்லிவிட்டார். பிறகு அப்படியில்லை என்று மறுத்தார். தங்கம் பிரிட்டனிடமே இருக்கிறது. பேட்மிண்டன் விவகாரத்தைச் சகிக்கவே முடியாது என்று சொன்னவர்களில் லண்டன் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் செபாஸ்டியன் கோவும் ஒருவர்.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டுக்கே வருவோம். 1999 உலகக் கோப்பை, ஓல்ட் டிராஃபோர்ட். வெஸ்ட் இண்டீஸ் 110 ரன்னுக்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியாவுக்கு 111 எடுத்தால் போதும். நாற்பது ஓவர் தாண்டியும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். வெஸ்ட் இண்டீஸின் ரன் ரேட் விழக் கூடாது. நியூஸிலாந்துக்குப் பதில் அவர்கள் சூப்பர் சிக்ஸுக்கு வந்தால்தான் ஆஸ்திரேலியாவுக்குப் புள்ளி லாபம். கூட்டம் கத்தியது. ஸ்டீவ் வா அசரவில்லை, மழுப்பவும் இல்லை. கடைசியில் நியூஸிலாந்துதான் உள்ளே வந்தது, அது வேறு கதை. ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கியது. ஸ்டீவ் வாவை நாம் இன்றைக்கும் 'கூலான கேப்டன்' என்கிறோம், அன்றைக்கு அவர் செய்ததை 'ஸ்ட்ராட்டஜி' என்கிறோம்.

தகுதிச் சுற்றில் உசைன் போல்ட் கடைசி இருபது மீட்டரை ஜாகிங் போகிற மாதிரி ஓடுவார். முழு முயற்சி எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கூட்டம் ரசித்துச் சிரிக்கும்.

ஆக, போட்டியை ஜெயிக்க ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது எல்லா விளையாட்டிலும் உண்டு. ஒரே வாரத்தில், ஒரே ஒலிம்பிக்கில், ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்குத் தங்கம், எட்டுப் பேருக்கு வாசல்.

அப்படியானால் எதற்குத்தான் தண்டனை?

இங்கேதான் பேட்மிண்டனின் தன்மையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உலகத் தரத்தில் ஆடுகிற ஒருவருக்குத் தோற்பது மிக எளிது. கோட்டின் மேல் விழ வேண்டிய ஸ்மாஷை இரண்டு அங்குலம் தள்ளி அடித்தால் போதும். வலையோரம் உருள வேண்டிய டிராப்பைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தால், எதிராளி பாய்ந்து வந்து முடித்துவிடுவார். கால் அரை நொடி தாமதமாக நகர்ந்தால் போதும். வியர்வை வழிய, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் வருத்தப்பட்டுத் தலையாட்டிக்கொண்டு 19-21, 19-21 என்று தோற்கலாம். எந்த நடுவராலும் எதையும் நிரூபிக்க முடியாது. கூட்டம் எழுந்து நின்று கைகூடத் தட்டும்.

இது நடந்தும் இருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பெண்கள் ஒற்றையர் அரையிறுதி. சீனாவின் ஜாங் நிங்கும் ஜோவ் மியும் மோதினார்கள். இறுதியில் வேறு நாட்டு ஆளை எதிர்கொள்ள ஜாங் நிங்தான் சரியானவர் என்று பயிற்சியாளர்கள் முடிவு செய்தார்கள். ஜாங் முதல் கேமை எடுத்ததும் ரொம்ப மெனக்கெட வேண்டாம் என்று ஜோவ் மிக்குச் சொல்லப்பட்டது. அன்று அரங்கில் யாரும் ஊளையிடவில்லை. நாலு வருஷம் கழித்து, 2008-இல், தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போவே தொலைக்காட்சிப் பேட்டியில் இதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. 2000 சிட்னி அரையிறுதியிலும் தன்னைத் தோற்கச் சொன்னார்கள் என்று யே ஜாவ்யிங் 2022-இல் டென்மார்க் தொலைக்காட்சியிடம் சொன்னார்.

சம்மேளனத்துக்கு வேண்டுமென்றே தோற்பது புதிய செய்தி இல்லை. அழகாக, மறைவாக, நம்பும்படி தோற்ற வரைக்கும் அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. வெம்ப்ளியில் எட்டுப் பேருக்கும் நடிக்கத் தெரியவில்லை, அல்லது நடிக்க வேண்டுமென்று தோன்றவில்லை. எதிராளியும் அதே நேரம் தோற்கப் பார்த்ததால் நாசூக்காகத் தோற்க வழியுமில்லை. நீ ஒன்றை வெளியே அடித்தால் நான் இரண்டை வலையில் அடிக்கிறேன் என்று போய், அட்டவணையின் அபத்தம் கேமரா முன்னால் அப்பட்டமாக நின்றது. நீக்கம் அந்த அப்பட்டத்துக்கான தண்டனை. முழு முயற்சி என்பதெல்லாம் பிறகு தேடி எடுத்த பெயர்.

இதற்கு ஆதாரம் அதே போட்டியில் இருக்கிறது. அதில் இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டு.

லண்டன் பேட்மிண்டன் என்றால் நமக்கு சாய்னாவின் வெண்கலம் ஞாபகம் வரும். ஜ்வாலா குட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடிக்கு நடந்தது அவ்வளவாக ஞாபகமிருக்காது. 'பி' குழுவில் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தார்கள். அவர்களைப் போலவே ஜப்பானுக்கும் சீன தைபேக்கும் தலா இரண்டு வெற்றி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இந்திய ஜோடிக்குக் காலிறுதி போயிற்று. அதே குழுவில் உலகின் ஐந்தாம் இடத்திலிருந்த ஜப்பானின் ஃபுஜி, ககிய்வா ஜோடி, தரவரிசையில் தங்களுக்குக் கீழே இருந்த தைபே ஜோடியிடம் நேர் கேம்களில் தோற்றிருந்தது. இதை விசாரியுங்கள் என்று இந்தியா முறைப்படி புகார் கொடுத்தது, நிராகரித்தார்கள்.

ஜப்பான் வேண்டுமென்றே தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை, நிஜமாகவே அன்றைக்கு மோசமாக ஆடியிருக்கலாம். நான் சொல்வது வேறு. முழு முயற்சி என்ற விதியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழியும் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தால் குற்றம், தெரியாவிட்டால் குற்றமே இல்லை. அப்படிப்பட்ட விதி ஆட்டக்காரர்களுக்குக் கற்றுத் தரும் ஒரே பாடம், நன்றாக நடி என்பதுதான்.

நீக்கத்துக்குப் பிறகு நடந்த நீதி

நீக்கியதால் போட்டி சுத்தமாகிவிட்டதா? அதையும் பார்ப்போம்.

'ஏ' குழுவில் முதல் இரண்டு ஜோடியும் போயாயிற்று, 'சி' குழுவிலும் அப்படியே. காலி இடங்களுக்கு அந்தந்தக் குழுவின் மூன்றாம், நான்காம் இடத்துக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். ரஷ்யா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா. கனடா ஜோடியும் தென்னாப்பிரிக்க ஜோடியும் குழுவில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கனடா ஜோடி காலிறுதியில் ஆஸ்திரேலியாவை வென்று அரையிறுதிக்கே போய், வெண்கலத்துக்கும் ஆடியது. வெண்கலம் ரஷ்யாவுக்கு. இறுதியில் தியான், ஜாவ் ஜோடி ஜப்பானை 21-10, 25-23 என்று வென்று தங்கம் வாங்கியது.

அந்தக் கனடா பெண்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டார்கள், வந்தார்கள், நன்றாகவே ஆடினார்கள். ஆனால் மூன்றில் மூன்றையும் தோற்றவர்கள் அரையிறுதியில் ஆடுகிறார்கள். மூன்றில் இரண்டை ஜெயித்த ஜ்வாலாவும் அஸ்வினியும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். விளையாட்டின் மாண்பைக் காப்பாற்றியதாகச் சொன்ன தீர்ப்பின் கையெழுத்து இதுதான்.

இன்னொரு கேள்வி. அந்த எட்டுப் பெண்களும் தாங்களாகவே முடிவெடுத்தார்களா? பேட்மிண்டனில் ஒவ்வொரு கோர்ட்டுக்குப் பின்னாலும் நாற்காலி போட்டுப் பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேமுக்கு நடுவே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். தேசிய அணி முறை இறுக்கமாக இருக்கிற நாடுகளில் யார் யாரோடு ஜோடி சேர்வது என்பதைக்கூட ஆட்டக்காரர் முடிவு செய்ய முடியாது. சீனர்கள்தான் ஆரம்பித்தார்கள், அதனால்தான் நாங்களும் செய்தோம் என்று கொரியப் பயிற்சியாளரே பேசினார். 'நாங்கள்' என்றுதான் பேசினார். ஆனால் சம்மேளனம் குற்றம் சாட்டியது எட்டு ஆட்டக்காரர்களை மட்டும். பயிற்சியாளர்களை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கொரிய சங்கம் தன் பயிற்சியாளர்களைத் தண்டித்தது. ஆட்டக்காரர்களுக்கும் முதலில் இரண்டு வருஷத் தடை போட்டு, பிறகு ஆறு மாதமாகக் குறைத்தது. சீனாவில் லி யோங்போ மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு 2017 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

யூ யாங் அன்றிரவு சமூக ஊடகத்தில் பேட்மிண்டனுக்கே விடைசொல்லி ஒரு பதிவு போட்டார். 2008-இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் அவர்.

பார்வையாளர் கட்சி

என் கட்சிக்கு எதிராக ஒரே ஒரு வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அது பார்வையாளர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ரயில் பிடித்து வந்து உட்கார்ந்தவருக்கு உலகின் முதல் ஜோடி சர்வீஸை வலையில் அடித்துக் காட்டினால் வயிறு எரியும். எரிய வேண்டும். அவர்கள் ஊளையிட்டது நூற்றுக்கு நூறு சரி. அந்த வீடியோவை இன்றைக்குப் பார்த்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அந்த எட்டுப் பேரை நான் தியாகிகள் ஆக்கப் போவதில்லை.

ஆனால் கடன் யாருடையது? டிக்கெட் விற்றது யூ யாங் இல்லை. அந்த ஆட்டத்தில் ஜெயிப்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் செய்துவிட்டு, அதற்கும் டிக்கெட் விற்றவர்கள் ஏற்பாட்டாளர்கள். மட்டமான கதையை எழுதிக் கொடுத்துவிட்டுப் படம் ஓடவில்லை என்றதும் நடிகரை அடிக்கிற தயாரிப்பாளர் மாதிரி இருக்கிறது இது.

விதி எப்படியிருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று உண்டே என்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மனசாட்சியை இருபது சொச்சம் வயசுப் பெண்களிடம், பயிற்சியாளர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, நாலு வருஷ உழைப்புக்குப் பலன் தெரியப்போகிற அந்த மாலையில் எதிர்பார்க்கிறீர்கள். குளிரூட்டிய அறையில், நிதானமாக, பல மாதங்கள் அவகாசத்தோடு அட்டவணை போட்டவர்களிடம் அந்த எதிர்பார்ப்பு ஏன் இல்லை? மனசாட்சியை எப்போதும் அதிகாரம் குறைந்தவரிடமே கேட்கிற பழக்கம் நமக்கு விளையாட்டில் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது.

ஒப்புதல் வாக்குமூலம்

லண்டன் முடிந்த சில மாதங்களில் சம்மேளனம் விதியை மாற்றியது. இரட்டையர் பிரிவில் குழு ஆட்டங்கள் முடிந்ததும், இரண்டாமிடம் பிடித்த ஜோடிகளுக்கு மட்டும் புதிதாகக் குலுக்கல் போடுவார்கள். தோற்று இரண்டாமிடத்துக்குப் போனால் அடுத்து யார் எதிரே வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. தெரியாவிட்டால் கணக்குப் போட முடியாது. கணக்குப் போட முடியாவிட்டால் தோற்க ஆசை வராது. அவ்வளவுதான், ஒரு குலுக்கலில் தீர்ந்துபோன சமாச்சாரம். 2016 ரியோவில் அந்த முறைதான்.

இதை விடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன வேண்டும்? கோளாறு எட்டுப் பேரின் குணத்தில் இருந்ததென்றால் விதியை ஏன் மாற்ற வேண்டும்? கோளாறு விதியில்தான் என்றால் எட்டுப் பேர் ஏன் வெளியே போனார்கள்? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். சம்மேளனம் இரண்டையும் செய்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே இருக்கிற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பியது. பெரும்பாலும் யாரும் கேட்கவுமில்லை.

எட்டுப் பேர் என்ன ஆனார்கள்? யூ யாங் விடைசொன்னாலும் திரும்பி வந்தார். 2013-இல் குவாங்ஜோவில் வாங் சியாவ்லியோடு மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். வாங் சியாவ்லி பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. மெய்லியானா ஜௌஹாரிக்கும் லண்டனே கடைசி ஒலிம்பிக். ரியோவில் யூ யாங் வேறு ஜோடியோடு வந்து, காலிறுதியில் கிரேசியா போலியின் ஜோடியைத் தோற்கடித்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவர் எதிரே நின்றவர் ஜங் க்யுங்-உன். ஆமாம், வெம்ப்ளியில் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அதே ஜங். இந்த முறை ஷட்டில் வலையைத் தாண்டிச் சரியாகவே போனது. ஜங்கும் அவருடைய புது ஜோடி ஷின் சுங்-சானும் நேர் கேம்களில் ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். அட்டவணை மாறியிருந்தது, ஆட்டமும் மாறியது. நாலு வருஷத்தில் இரண்டு பெண்களின் ஒழுக்கம் தலைகீழாக மாறிவிட்டதா என்ன?

கிரேசியா போலி கடைசியாக. லண்டனில் கறுப்பு அட்டை பார்த்தவர். 2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ. வயது 34 ஆக இன்னும் ஒன்பது நாள். தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவோடு, தரவரிசைச் சலுகை ஏதுமில்லாத ஜோடியாக இறுதிக்கு வந்தார். எதிரே சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான். ஒரு ராலியின் நடுவே கிரேசியாவின் ராக்கெட் நரம்பு அறுந்துவிடுகிறது. ஓடிப்போய்ப் பையிலிருந்து வேறு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அதுவரை அப்ரியானி தனியாக முழு கோர்ட்டையும் தாங்குகிறார். 21-19, 21-15. பெண்கள் இரட்டையரில் இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

முழு முயற்சி எடுக்கவில்லை என்று எழுதி வெளியேற்றியது இந்த ஆளைத்தான்.

அன்றைக்கு எல்லோரும் அதை 'மீட்சியின் கதை' என்று எழுதினார்கள். தப்பு செய்தவர் திருந்தி வந்து ஜெயித்த கதை. எனக்கு அந்தத் தலைப்பே பிடிக்கவில்லை. கிரேசியா மீள வேண்டிய பாவம் எதுவும் இல்லை. லண்டன் 2012-இன் அதிகாரபூர்வ முடிவுகளில் அந்த நாலு ஜோடிகளின் பெயருக்கு எதிரே இன்றைக்கும் 'தகுதிநீக்கம்' என்றுதான் இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம், நடந்தது நடந்தது. பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அந்த அட்டவணையைப் போட்டது நாங்கள். அந்த ஒரு வரியைச் சம்மேளனம் இன்னும் எழுதவில்லை.